சேலம் சீமையின் முகங்கள் – 6: கண்ணாடிக் கூரைக்குக் கீழே

இதுவரை ஒரு படை அதிகாரியின் பின்னால் நடந்து வந்தோம். லின்னேயஸ் டிரைப். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர் என்ற பதவியோடு 1857-ன் கடைசியில் பெங்களூரிலிருந்து தெற்கே இறங்கியவர். மறுவருடம் வெளியான அவருடைய தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டைக்கும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களுக்கும் உரியது. அன்றைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. 1965-ல் தருமபுரியும் 1997-ல் நாமக்கல்லும் பிரிந்துபோன பிறகு மிஞ்சியதே இன்றைய சேலம்.

டிரைப்பின் படங்களில் பாறை இருந்தது, கோட்டை இருந்தது, கோயில் இருந்தது. மனிதர்கள் அபூர்வம். மெழுகு பூசிய காகித நெகட்டிவ் நெடுநேரம் வெளிச்சம் குடிக்கும். அசைகிற எதுவும் அதில் தங்காது. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இது ஆடம்பரச் செலவு என்று அந்தப் பதவிக்கே முடிவு கட்டினார்.

அதன் பிறகு அரசாங்கத்தின் கேமரா மனிதர்கள் பக்கம் திரும்பியது. 1868 முதல் 1875 வரை எட்டு தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ வரிசையும், எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலும் அப்படி வந்தவை. ஒருவர் முகம், உடை, நகை எல்லாம் அதில் இருக்கும். கீழே அவருடைய சாதியின் பெயர் இருக்கும். அவருடைய பெயர் இருக்காது.

அரை நூற்றாண்டு காலம் கேமரா ஆட்களைத் தேடி வந்தது. எந்தக் கணத்தில் ஆட்கள் கேமராவைத் தேடிப் போனார்கள்? சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று இந்தச் சமவெளியின் கடைத்தெருக்களில் இருந்த குடும்பங்கள் தாமாக விரும்பி, தம் காசைக் கொடுத்து, தமக்குப் பிடித்த உடையில் போய் உட்கார்ந்தது எப்படி?

இந்த வாரம் அந்தத் திருப்பம்.

* * *

இருட்டறையைச் சுமக்க வேண்டாம்

1870-கள் வரை படம் எடுப்பவர் ஒரு வேதியியல் கூடத்தையே கூடக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடித் தகட்டில் மருந்தை ஊற்றி, அது காய்வதற்குள் கேமராவில் வைத்து, காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவ வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் அந்த மருந்து எவ்வளவு நேரம் ஈரமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து பூசினால் தகடு காய்ந்த பிறகும் வெளிச்சத்தை வாங்கும் என்று எழுதினார். பத்தாண்டுக்குள் அது தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது. லண்டனுக்கு அருகே இல்ஃபோர்ட் நிறுவனம் 1879-ல் தொடங்கியது இந்தத் தகடுகளைச் செய்து விற்கத்தான்.

நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் இதை ‘பிளேட்’ என்றார்கள். அட்டைப் பெட்டியில் அடுக்கி வரும். இருட்டில் பிரித்துக் கேமராவில் செருக வேண்டும். எடுத்த படத்தை அன்று இரவோ மறுநாளோ சாவகாசமாகக் கழுவிக்கொள்ளலாம்.

இது சிறிய வசதி போலத் தெரியும். சிற்றூரில் ஸ்டூடியோ வைக்க முடியும் என்ற நிலை இதிலிருந்துதான் பிறந்தது. சென்னை மவுன்ட் ரோட்டின் பெரிய ஐரோப்பிய நிறுவனங்களில் இருந்த ரசாயன அறிவும் பணியாளர் படையும் இல்லாமலே, ஒரு கேமராவும் ஓர் இருட்டறையும் நாலைந்து புட்டி மருந்தும் இருந்தால் ஒருவர் தனியாகத் தொழில் நடத்தலாம்.

சரக்கு வரவும் வழி இருந்தது. 1861-லேயே சென்னையிலிருந்து ரயில் சேலத்தை எட்டிவிட்டது. நாமக்கல்லின் கதை வேறு. அந்த ஊருக்குள் ரயில் வந்தது 2013-ல், சேலம்–கரூர் பாதை திறந்தபோது. அதுவரை அங்கு எல்லாம் சாலை வழிதான். பிளேட் பெட்டியும் வண்டியில் குலுங்கித்தான் போயிருக்க வேண்டும். கண்ணாடி என்பதை மறந்துவிடாதீர்கள்.

* * *

வடக்குப் பார்த்த கூரை

அந்தக் கால ஸ்டூடியோவில் விளக்கு இல்லை. கூரைதான் விளக்கு.

அறையின் ஒரு பக்கக் கூரையையும் சுவரையும் கண்ணாடியாக அமைப்பார்கள், பெரும்பாலும் வடக்குப் பார்த்து. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கே சாய்ந்து போகும் சூரியன் நேராக உள்ளே விழாது. நிழல் கருக்காமல் மென்மையான வெளிச்சம் முகத்தில் பரவும். கண்ணாடிக்குக் கீழே துணித் திரைகள். அவற்றை இழுத்தும் விலக்கியும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் ஸ்டூடியோக்காரரின் கைத்திறன்.

ஆகவே படம் பிடிக்கும் நேரம் காலையில் சில மணிநேரம். மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

இந்த நேரக் கணக்கு, யார் படத்தில் இருக்க முடியும் என்பதைத் தீர்மானித்தது என்பது என் எண்ணம். காலை பத்து மணிக்கு ஒரு முழுக் குடும்பமும் உடுத்திக்கொண்டு வந்து உட்கார யாரால் முடியும்? நிலக்கிழாரால் முடியும். வக்கீலால் முடியும். தாலுகா அலுவலகத்து அதிகாரியால் விடுப்பு எடுத்து வர முடியும். மளிகைக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தால் வியாபாரம் போயிற்று. தறிக்காரர் குழியை விட்டு ஏறினால் அன்றைய முழம் குறைந்தது.

தறிக்காரருக்கு ஒரு நாள் இருந்தது. அமாவாசை. அன்று தறி ஓடாது. நெசவுத் தெருக்கள் நிறைந்த இந்தச் சமவெளியில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய், கடைத்தெருவுக்குள் நுழையும் நாள் அது. பகல் வெளிச்சமும் ஓய்வும் நெசவாளிக்கு ஒன்றாகக் கிடைத்த நாளும் அதுதான்.

ஆனால் உள்ளே நுழையத் தயக்கம் இருந்தது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பேச்சு தமிழகம் முழுக்க இருந்ததுதான். நம் பாட்டிமார் பலருக்கு உயிரோடிருந்தபோது எடுத்த படமே இல்லாமல் போனதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்: அந்நிய ஆடவர் ஒருவர், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு வீட்டுப் பெண்ணை உற்றுப் பார்ப்பார் என்பது.

இந்தத் தயக்கத்தை உடைத்ததில் ஓவியர்களுக்கும் பங்கு உண்டு.

* * *

நாமக்கல்லின் தூரிகை

வெ. ராமலிங்கம் பிள்ளை என்றால் நமக்கு நாமக்கல் கவிஞர். 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் வேதாரண்யம் நோக்கி நடந்தவர்களுக்கு வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். 1949-ல் மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனவர். ஆனால் 1888-ல் மோகனூரில் பிறந்த அந்த மனிதருக்கு முதலில் சோறு போட்டது கவிதை அல்ல, தூரிகை.

கல்லூரிப் படிப்புக்குப் பின் அரசு வேலை அவருக்கு ஒட்டவில்லை. படம் வரைந்தார். உருவப்படங்கள்தான் அதில் முக்கியம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஓவியத்துக்காக 1912-ல் டில்லியில் தங்கப் பதக்கம் பெற்றார். அந்த அரசரை நாமக்கல்லில் எதிரே உட்கார வைத்து வரைந்திருக்க வழியில்லை. அச்சில் வந்த உருவங்களே அவருக்கு ஆதாரமாக இருந்திருக்க வேண்டும்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ஓவியமும் புகைப்படமும் போட்டியாளர்கள் என்று பொதுவாக எழுதுவார்கள். சிற்றூர்களில் நடந்தது வேறு.

அந்தக் காலத்துப் படம் பெரும்பாலும் பிளேட்டின் அளவுக்கே அச்சாகும். உள்ளங்கையளவு, மிஞ்சினால் ஒரு சாண். சுவரில் மாட்டி, மாலை போட்டு, தூரத்திலிருந்து கும்பிட அது போதாது. ஆகவே ஒரு பெரியவர் இறந்துபோனால், அவருடைய சிறிய படத்தை எடுத்துக்கொண்டு குடும்பம் ஓவியரிடம் போகும். அவர் அதைப் பெரிதாக்கி எண்ணெய் வண்ணத்தில் எழுதித் தருவார். தலைப்பாகையின் சரிகைக்கும் காதுக் கடுக்கனுக்கும் நிறம் வரும். குடும்பம் சொன்னால் உடலில் இல்லாத அங்கவஸ்திரமும் வரும்.

ஓவியருக்குப் படம் தேவைப்பட்டது. படம் இல்லாத குடும்பம் திகைத்து நின்றது. ‘அப்பாரு இருந்தப்பவே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாமுங்க’ என்ற வருத்தம், ஆயுசு குறையும் என்ற பயத்தை மெல்ல மெல்ல ஜெயித்தது. நீத்தாருக்குச் செய்யும் கடனில் படமும் ஒன்றாகச் சேர்ந்தபோது ஸ்டூடியோ வீட்டுக்கு வேண்டியதாகிவிட்டது.

உயிரோடிருக்கும்போது எடுக்காமல் விட்டவர்கள் இறந்த பிறகு எடுத்தார்கள். உடலை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, நெற்றியில் நீறு பூசி, மாலை போட்டு, சுற்றிலும் பிள்ளைகள் பேரன்கள் நிற்கும் படங்கள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. இன்று பார்ப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டாம். ஒரு முகத்தை வைத்துக்கொள்ள அந்தக் குடும்பத்துக்கு எஞ்சியிருந்த ஒரே பகல் அது.

* * *

1937: வெளிச்சம் கம்பியில் வந்தது

மேட்டூர் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அணை என்றதும் நமக்குத் தஞ்சாவூரின் வயல்தான் நினைவுக்கு வரும். சேலம் சீமைக்கு அது கொடுத்தது வேறொன்று. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையமும் 1937-ல் மேட்டூர் மின்நிலையமும் ஓடத் தொடங்கின. மின்சாரம் இந்தச் சமவெளியின் வாசலிலேயே உற்பத்தியாகத் தொடங்கியது.

அதே ஆண்டுகளில் சேலத்தில் இன்னொன்றும் நடந்தது. திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம், நாம் டி.ஆர். சுந்தரம் என்று அறிந்தவர், 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அதன் முதல் படம் ‘சதி அகல்யா’ 1937-ல் வந்தது. ஏற்காடு சாலையில் செயற்கை விளக்கும் வர்ணம் தீட்டிய காட்சித் திரைகளும் மேக்கப்பும் நிறைந்த ஓர் உலகம் எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன.

நடந்தது என்ன? ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூரை தேவையற்றுப் போயிற்று. ஓட்டு வீட்டின் மாடியில், சந்துக் கடையின் பின்னறையில், எங்கு வேண்டுமானாலும் ஸ்டூடியோ வைக்கலாம். நாலு பல்பும் ஒரு ஸ்டாண்டும் போதும். நேரமும் நீண்டது. கடை சாத்திய பிறகு, விளக்கு வைத்த பிறகு, குடும்பத்தோடு வரலாம். காலை வெளிச்சத்துக்கு வர முடியாமலிருந்த கடைக்காரர் படத்துக்குள் வந்தது இந்த மாலை நேரத்தில்தான்.

இதை நான் இந்தக் கதையின் நடுக்கணு என்று கருதுகிறேன். கேமராவின் விலையோ பிளேட்டின் விலையோ குறைந்ததைவிட, உழைப்பவரின் ஓய்வு நேரமும் படம் பிடிக்கும் நேரமும் ஒன்றானது பெரிய மாற்றம்.

பின்னணித் திரையும் மாறியது. முன்பு தூணும் படிக்கட்டும் பூந்தொட்டியும் கொண்ட ஐரோப்பிய மாளிகை. பிறகு தாமரைக் குளம், பௌர்ணமி நிலா, வளைந்து போகும் சாலை, ஆகாய விமானம். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர்களின் கை இதில் தெரியும். நாடகத் திரை எழுதிப் பழகிய கோவில்பட்டி சி. கொண்டையராஜுதான் பிற்பாடு நம் வீட்டுக் காலண்டர் தெய்வங்களை வரைந்தார் என்பதை நினைத்தால் நாடகமும் காலண்டரும் ஸ்டூடியோவும் ஒரே ஓவிய மரபின் கிளைகள் என்பது புரியும்.

திருவிழாக்களில் ஸ்டூடியோ தெருவுக்கே வந்தது. தேர்க் கடைகளுக்கு நடுவே கூடாரம் அடித்து, அட்டையில் வெட்டிய காரையும் விமானத்தையும் நிறுத்தி வைப்பார்கள். ஊருக்குள் ஸ்டூடியோப் படி ஏறக் கூச்சப்பட்டவர்கள் அங்கே ஏறி உட்கார்ந்தார்கள். சந்தைக்கு மாடு ஓட்டி வந்த குடியானவர், கூலிக்குக் களை வெட்டும் பெண் என்று பலருக்கு வாழ்நாளின் முதல் படம் அந்த அட்டைக் காரில் அமைந்தது.

* * *

பின்னலைக் காட்டும் கண்ணாடி

தமிழ்நாட்டு வீடுகளில் பார்க்கும் ஒரு படம் உண்டு.

ஒரு சிறுமி பட்டுப் பாவாடை, தாவணியில் நிற்பாள். பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி சற்றுச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். கேமராவுக்கு அவள் முகம் தெரியும். கண்ணாடியில் அவள் முதுகு தெரியும். முதுகில் ஜடை நாகம், தாழம்பூ, மல்லிகை, கனகாம்பரம், நுனியில் குஞ்சலம். வயதுக்கு வந்ததை ஒட்டியோ, பூ முடிப்பு நாளிலோ எடுக்கும் படம்.

அந்தப் படத்தை எடுப்பது எளிதல்ல. கண்ணாடியில் கேமராவும் விளக்கும் தெரியக் கூடாது. பெண்ணும் பிம்பமும் இரண்டும் தெளிவாக விழ வேண்டும். பூ வாடுவதற்குள் முடிக்க வேண்டும். ‘சித்த இப்படித் திரும்பு அம்மிணி, கண்ணைக் கொட்டாதே’ என்று சொல்லிச் சொல்லி, அத்தையும் பெரியம்மாவும் ஓரத்தில் நின்று பாவாடை மடிப்பைச் சரிசெய்ய, ஸ்டூடியோக்காரர் ஒரே பிளேட்டில் இதை முடித்தாக வேண்டும். இன்னொரு பிளேட் என்றால் இன்னொரு செலவு.

ஐரோப்பியக் கலை வரலாற்றில் கண்ணாடிப் பிம்பம் இடம்பெறும் ஓவியங்களைப் பற்றி நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். நம் கடைத்தெரு ஸ்டூடியோக்காரர்களின் இந்தச் சாதனையை அந்த வரிசையில் வைத்துப் பேசியாக வேண்டும். தாயும் அத்தைகளும் விடியற்காலையில் எழுந்து மணிக்கணக்கில் தைத்த பூவேலை ஒரு நாளில் அழிந்துவிடும். அந்த உழைப்புக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று கேட்டவர்கள் பெண்கள். அதற்கு விடை கண்டவர் அந்த ஸ்டூடியோக்காரர்.

கணவன் மனைவி படங்களில் இன்னொரு மாற்றத்தைக் காணலாம். பழையவற்றில் அவர் நாற்காலியில். அவள் பக்கத்தில் நின்று, நாற்காலி முதுகின்மேல் கை. பிறகு இருவரும் அமர்ந்திருப்பார்கள், நடுவே ஒரு முக்காலி, அதன்மேல் காகிதப்பூ. பிறகு இருவரும் நிற்பார்கள், தோள் தோளைத் தொட. தம்பதி தொட்டுக்கொண்டு நிற்பதை வீட்டுப் பெரியவர்கள் பார்க்கச் சகித்தது முதலில் சுவரில் மாட்டிய படத்தில்தான்.

பிறகு ‘டச்சிங்’. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் தீட்டி அம்மைத் தழும்பை மறைப்பது, கண்ணுக்குக் கீழே கருமையை எடுப்பது, சிமிட்டிவிட்ட இமையைத் திறப்பது. வெயிலில் கறுத்த முகங்களைச் ‘சிவப்பாக’ ஆக்கித் தரும்படி கேட்டவர்களும் ஏராளம். அந்தப் படங்களைப் பார்க்கும்போது நம் ஊரின் நிற ஆசையும் பென்சில் கோடாகவே பதிவாகியிருப்பது தெரிகிறது. எனக்கு அது வலிக்கிறது.

* * *

கடை வாசலில்

குடும்பப் படம் உள்ளே எடுத்தது. கடைப் படம் வெளியே எடுத்தது.

கடைக்குள் இருட்டு. ஆகவே முக்காலிக் கேமராவைத் தெருவின் எதிர்ப் பக்கம் வைத்து, கடையையும் பலகையையும் வாசலில் நிற்பவர்களையும் சேர்த்து எடுப்பார்கள். புதுக்கணக்கு, திறப்பு விழா, ஆயுத பூஜை என்று காரணம் இருக்கும். முதலாளி நடுவில், மகன்கள் இரு பக்கம், கணக்கப்பிள்ளை சற்றுத் தள்ளி, எடுபிடிப் பையன் ஓரத்தில் அல்லது பாதி வெட்டுப்பட்டு.

இந்தப் படங்களின் பின்னால் தேதி எழுதும் பழக்கம் அரிது. ஆனால் தேதி படத்துக்குள்ளேயே இருக்கும், பார்க்கத் தெரிந்தால்.

விலைப் பலகையில் அணா இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தையதாகவோ, பழக்கம் விடாத அடுத்த சில ஆண்டுகளாகவோ இருக்கலாம். ‘நயா பைசா’ என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது: அந்தப் பெயர் 1957-ல் பிறந்து 1964-ல் வழக்கொழிந்தது. ஏழே வருடத்துக்குள் படத்தை அடைத்துவிடலாம். தராசுக்குப் பக்கத்தில் வீசைக் கல்லா, கிலோ கல்லா? மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வந்தவை. மேசையில் ரேடியோ இருந்தால் 1938-ல் சென்னை நிலையமும் 1939-ல் திருச்சி நிலையமும் பேசத் தொடங்கிய பிறகான படம் என்று கொள்வது இயல்பு. தெருக்கோடியில் கள்ளுக்கடைப் பலகை தெரிந்தால், 1937 அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில்தான் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த தடயம் எழுத்து.

கடைப் பலகையின் தலையில் ‘முருகன் துணை’ என்று இருக்கும். அந்த ‘ணை’யைப் பாருங்கள். மேலே தும்பிக்கை போல வளைந்த பழைய கொம்பு இருந்தால் அது 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடுவதற்கு முந்தைய பழக்கம். தனிச் சுழியோடு இன்றைய வடிவில் இருந்தால் பிந்தையது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தச் சீர்திருத்தத்தைப் பெரியார் ஈரோட்டிலிருந்து வந்த ‘குடி அரசு’ இதழில் 1935-லேயே நடைமுறைப்படுத்திவிட்டார். நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் கூடிய மாநாட்டில். ஆகவே அணா விலை தெரியும் ஒரு கடைப் படத்தில் பலகையின் ‘லை’யும் ‘னை’யும் புதிய வடிவில் இருந்தால், நம் எதிரே நிற்கும் கடைக்காரர் எந்தப் பத்திரிகை படித்தார் என்று நாம் ஊகிக்கத் தொடங்கலாம். அவர் வாய் திறக்காமலே பலகை எழுதியவரின் தூரிகை அதைச் சொல்கிறது.

செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுக் கடைகள், லீ பஜாரின் மொத்த மண்டிகள், திருச்செங்கோட்டு ஜவுளிக் கடைகள், நாமக்கல் கோட்டைப் பாறையின் அடிவாரத்துக் கடைகள். இவற்றின் வரலாற்றை எழுத வேண்டுமானால் கெஜட்டியரில் ஒன்றும் கிடைக்காது. எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் 1918-ல் வெளியிட்ட சேலம் கெஜட்டியர் அருமையான நூல். நிலவரி, மண்வகை, மழையளவு எல்லாம் அதில் உண்டு. வாசலில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் எடுபிடிப் பையன் அதில் இல்லை. கடைப் படத்தில் இருக்கிறான்.

* * *

கழுவிய கண்ணாடி

இவ்வளவு படங்கள் எடுக்கப்பட்டன என்றால் அவற்றின் நெகட்டிவ்கள் எங்கே?

1950-களுக்குப் பிறகு கண்ணாடி மெல்லப் பின்வாங்கி ஃபிலிம் வந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு படம் எடுக்கும் ஆக்ஃபா கிளிக் கேமரா நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. 1960-ல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவப்பட்டு, ‘இந்து’ என்ற பெயரில் உள்நாட்டு ஃபிலிம் வந்தது. 1980-களில் கலர் லேப்கள். கறுப்பு வெள்ளையில் கைதேர்ந்தவர்களுக்கு வேலை குறைந்தது. பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும் மிஞ்சியது.

ஸ்டூடியோ மூடும்போது பரணில் ஆயிரக்கணக்கில் பிளேட்டுகள் இருக்கும். அவற்றுக்கு இரண்டு விலை உண்டு. கண்ணாடிக்கு ஒன்று, மேலே பூசிய வெள்ளிக்கு ஒன்று. ஜெலட்டினைக் கழுவி எடுத்தால் நல்ல தெளிவான கண்ணாடி; படச் சட்டம் போடுபவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கழுவிய நீரிலிருந்தும் ஃபிலிமிலிருந்தும் வெள்ளியைப் பிரிப்பவர்கள் தனியே உண்டு. ஒருவருடைய முகம் இருந்த கண்ணாடி இன்னொருவருடைய படத்துக்கு மேல்மூடியாகப் போயிற்று.

பாழாகாமல் தப்பியவற்றைத் தேடும் வேலை தாமதமாகத்தான் தொடங்கியது. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், மானிடவியலாளர் சோயி ஹெட்லி முன்னின்று, தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து எண்ணிமமாக்கும் ‘ஸ்டார்ஸ்’ என்ற திட்டம் உருவானது. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காக பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டம் அதற்கு உதவியது. ஏறத்தாழ 1880 முதல் 1980 வரை நூறு ஆண்டுகள். பூ ஜடை, தம்பதி, நாற்காலியில் சாய்த்த பெரியவர், அட்டைக் கார் என்று நாம் இதுவரை பேசிய எல்லாம் தமிழகக் குடும்பங்களின் நினைவாக ஒரே இடத்தில் சேரத் தொடங்கின.

நம் அரசு அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் இதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் கொடுத்த மதிப்பில் நூறில் ஒரு பங்கைக் கண்ணாடிக்குக் கொடுத்திருந்தால் போதும்.

ஆனால் இங்கே கதை இன்னொரு முடிச்சில் சிக்குகிறது.

1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே என்கிறது. அதாவது உரிமை குடும்பத்துக்கு. ஆனால் பிளேட் ஸ்டூடியோவிடமே இருக்கும். ‘நெகட்டிவ் எங்கள் வசம்’ என்பது எழுதப்படாத வழக்கம், மறு பிரிண்ட் வேண்டுமானால் குடும்பம் மறுபடி அங்கேதான் வர வேண்டும். ஸ்டூடியோ மூடியது. பிளேட் பழைய சாமான் கடைக்குப் போனது. அங்கிருந்து சேகரிப்பவர் கைக்கு வந்தது. பிறகு ஆவணக் காப்பகத்துக்கு. இப்போது உலகின் எந்த மூலையிலிருந்தும் யாரும் அதைத் திறந்து பார்க்கலாம்.

பூ ஜடையும் கண்ணாடியுமாக நிற்கும் அந்தச் சிறுமியின் படத்தை எடுக்கச் சொன்னவர் அவளுடைய தந்தை. அது வீட்டுச் சுவருக்காகவும், மாமன் வீட்டுக்குக் கொடுக்கவும் எடுத்தது. பிளேட்டின் உறையில் அவருடைய பெயரோ ஒரு வரிசை எண்ணோ இருக்கலாம். அவளுடைய பெயர் இருக்காது. தர்ஸ்டனின் நூலில் பெயரில்லாமல் நின்றவர்கள் வேண்டாமென்று சொல்ல வழியில்லாதவர்கள். இவள் வேண்டுமென்று நின்றவள், ஆனால் இத்தனை பேர் பார்ப்பதற்காக நின்றவள் அல்ல. இன்று உயிரோடிருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பாள்.

படத்தை மறைத்தால் அந்தப் பூவேலையும் அந்த ஸ்டூடியோக்காரரின் திறனும் மறுபடி பரணுக்குப் போகும். காட்டினால் அவளைக் கேட்காமல் காட்டியதாகும். சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் இதே சிக்கலோடு பெட்டிகளில் கிடக்கும் படங்களை வைத்திருப்பவர்கள், முகங்களுக்குப் பெயர் தேடி வீடு வீடாகப் போனால், யார் கதவைத் திறப்பார்கள்? திறந்தவர்கள் அந்தப் படத்தைத் திருப்பிக் கேட்டால்?

(அடுத்த வாரம்)